ஆறு மாதப் படிப்பு முடித்தால் நர்ஸ் ஆகிவிட முடியுமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். போன வருடம் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். டிப்ளமா படிப்பில் சேரத் தகுதி தரும் ‘டிப்ளமா பாஸ்’. ஆங்கிலம் 63, லைஃப் சயின்சஸ் 47, மேத்ஸ் லிட்ரசி 58. நர்சிங்குக்குப் போட்ட இரண்டு விண்ணப்பங்களிலும் இடம் கிடைக்கவில்லை. டர்பன் டவுனில் ஒரு கடைக்கு மாடியில் நடக்கும் தனியார் கல்லூரியில் ‘ஹெல்த் அண்ட் சோஷியல் கேர்’ என்று ஆறு மாதப் படிப்பு இருக்கிறது. 18,500 ரேண்ட். முடித்தால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இரண்டு வருட அனுபவத்தோடு லண்டன் போகலாம் என்கிறார்கள். 2,000 ரேண்ட் முன்பணமும் கட்டிவிட்டோம். என் மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த ஒன்றரை வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டது இவள்தான். அதனால் இந்த வேலை இவளுக்குச் சரிவரும் என்று நினைக்கிறேன். என் நாத்தனாரோ, “ஊரார் மலத்தை அள்ளவா பன்னிரண்டு வருடம் படிக்க வைத்தாய்?” என்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்தில் இந்த நாட்டில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. உதவி நர்ஸாகக்கூட ஆக முடியாது. அதற்கே ஒரு முழு வருடப் படிப்பு வேண்டும். மீதிப் பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள்.

அதற்காக அந்தப் படிப்பே மோசடி என்று நான் சொல்லவில்லை. பராமரிப்பு வேலைக்கென்று நல்ல படிப்புகளும் இருக்கின்றன. ஆனால் அதை நர்சிங் என்று சொல்லி விற்கிறார்கள் என்றால் அங்கே ஏதோ சரியில்லை. நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நாங்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்கும் காட்சி இது. ஒரு பெண் அழகான லேமினேட் செய்த சர்டிபிகேட்டோடு வந்து, “இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு என்னை இரண்டாம் வருடத்தில் சேர்ப்பீர்களா?” என்று கேட்பாள். முடியாது என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அந்தக் காகிதத்துக்காக அவள் அம்மா நகையை அடகு வைத்திருப்பார்.

ஒரு கல்லூரியில் விசாரிக்கப் போனால் எல்லோரும் கேட்பது எத்தனை மாதம், எவ்வளவு பணம் என்றுதான். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. “இதை முடித்தால் என் பெண்ணின் பெயர் எந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் ஏறும், எந்தப் பட்டத்தோடு ஏறும்?” என்று கேளுங்கள். நர்ஸ் என்றால் பிரிட்டோரியாவில் உள்ள தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சில். சமூகப் பணி, குழந்தைகள் பராமரிப்புப் பணி என்றால் சமூக சேவைத் தொழில்களுக்கான கவுன்சில். ஆம்புலன்ஸ் வேலை என்றால் சுகாதாரத் தொழில்கள் கவுன்சில். மருந்துக்கடை உதவியாளர் என்றால் ஃபார்மஸி கவுன்சில். 2005ஆம் ஆண்டு நர்சிங் சட்டப்படி, பதிவு இல்லாமல் நர்ஸாக வேலை செய்வது குற்றம். வேலைக்கு வைத்தவர் தப்பித்துக்கொள்ளலாம். பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு நின்ற பெண் மாட்டிக்கொள்வாள்.

அந்தக் கேள்விக்கு அவர்கள் சுற்றிவளைத்துத்தான் பதில் சொல்வார்கள். “நாங்கள் அக்ரெடிட்டட்” என்பார்கள். யாரிடம், எந்தப் படிப்புக்கு என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் படிப்புக்கு வாங்கிய அங்கீகாரக் கடிதத்தை வரவேற்பறையில் மாட்டிவைத்துவிட்டு, அதன் கீழேயே நர்சிங்குக்கு ஆள் சேர்ப்பவர்கள் உண்டு. நர்சிங் கற்பிக்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை நர்சிங் கவுன்சில் தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. பட்டியலில் கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கிளையும் அந்தப் படிப்பும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2020 முதல் நர்சிங் முழுவதும் உயர்கல்விக்குள் வந்துவிட்டது. ஆகவே உயர்கல்வித் துறையின் பதிவும் அந்தக் கல்லூரிக்கு வேண்டும்.

நர்சிங் அல்லாத பராமரிப்புப் படிப்பு என்றால் அதை மேற்பார்ப்பது க்யூ.சி.டி.ஓ. எனப்படும் தொழிற்கல்வித் தரக் கவுன்சில். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். முன்பு எச்.டபிள்யூ.செட்டா என்ற சுகாதார, சமூகநலப் பயிற்சி ஆணையத்தின் மேற்பார்வையில் நடந்த பழைய படிப்புகளை வரிசையாக மூடி வருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் புதிதாகச் சேர 2024 ஜூன் 30தான் கடைசி நாள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ள 2027 ஜூன் 30 வரை அவகாசம். இப்போது சேர்கிறவருக்கு ஒரு கல்லூரி பழைய ‘ஆன்சிலரி ஹெல்த் கேர்’ (துணைச் சுகாதாரப் பராமரிப்பு) என்ற பெயரைச் சொன்னால், நாட்டின் கல்வித் தகுதிகளைப் பதிவு செய்யும் ஆணையமான சாக்வா அந்தப் படிப்புக்குத் தந்த எண்ணை எழுதி வாங்குங்கள். சாக்வா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடைசிச் சேர்க்கை நாள் தெரிந்துவிடும். எண்ணையே தர மறுத்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

லண்டன் விஷயம் இரண்டே வரிதான். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கும் விசாவை பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் மூடிவிட்டது. பதிவு பெற்ற நர்ஸுக்குக் கதவு இன்னும் திறந்திருக்கிறது, ஆனால் அதற்கு அவர்களுடைய நர்சிங் கவுன்சிலின் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதியாக வேண்டும். ஆறு மாதக் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த வழியில் போக முடியாது. இதைத் தெரிந்தே ‘லண்டன்’ என்று சொல்கிறார்களா, தெரியாமல் சொல்கிறார்களா என்று நான் யோசிப்பதில்லை. இரண்டுமே மோசம்தான்.

இனி உங்கள் பெண்ணுக்கு வருவோம்.

நர்சிங்கில் இப்போது மூன்று படிகள். ஒரு வருட உயர் சர்டிபிகேட் படித்தால் உதவி நர்ஸ். மூன்று வருட டிப்ளமா படித்தால் பொது நர்ஸ். நான்கு வருடப் பட்டம் படித்தால் மகப்பேறும் சேர்ந்த முழு நர்ஸ். உங்களுக்குத் தெரிந்த அக்காமார்கள் “நான் இரண்டு வருடம் படித்து ஸ்டாஃப் நர்ஸ் ஆனேன், அப்புறம் பிரிட்ஜிங் என்ற இணைப்புப் படிப்பைச் செய்து முழு நர்ஸ் ஆனேன்” என்று சொல்வார்கள். அந்த வழியை மூடிப் பல வருடம் ஆகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் காலத்துப் பாதை இப்போது இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் பெண் டிப்ளமா பாஸ் என்பதால் முதல் இரண்டு படிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைக்காததற்குக் காரணம் அநேகமாக அந்த 47. லைஃப் சயின்சஸிலும் ஆங்கிலத்திலும் 4ஆம் நிலை, அதாவது 50 முதல் 59, இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. மூன்று மதிப்பெண்தான் குறைகிறது! இதற்காக 18,500 ரேண்ட் செலவழிக்க வேண்டியதில்லை. அடிப்படைக் கல்வித் துறையின் ‘செகண்ட் சான்ஸ் மெட்ரிக்’ திட்டத்தில் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடியும் எழுதலாம். கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால் இந்த வருடத்தின் முதல் வேலை இதுதான்.

விண்ணப்பமும் காலத்தோடு போக வேண்டும். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போட வேண்டும். உரிய காலத்துக்குள் போட செப்டம்பர் 30 கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாகாண அரசின் நர்சிங் கல்லூரி தனி, அதன் அறிவிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நெட்கேர், லைஃப் ஹெல்த்கேர், மெடிகிளினிக் ஆகிய தனியார் மருத்துவமனைக் குழுமங்களும் சொந்தமாகப் படிப்பு நடத்துகின்றன. இரண்டே இடத்தில் போட்டுவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். என் மாணவிகளில் பலர் ஆறேழு இடத்தில் போட்டுத்தான் ஒன்றில் நுழைந்தார்கள்.

பணத்துக்கு என்.எஸ்.ஃபாஸ் என்ற அரசின் மாணவர் நிதியுதவி உண்டு. குடும்ப வருமானம் வருடத்துக்கு 350,000 ரேண்டுக்குள் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்திலும் டிவெட் எனப்படும் அரசு தொழிற்கல்விக் கல்லூரியிலும் படிக்க அது கிடைக்கும். தனியார் கல்லூரிக்குக் கிடைக்காது. மாடிக் கல்லூரிக்காரர் “என்.எஸ்.ஃபாஸ் வாங்கித் தருகிறோம்” என்றும் சொல்லியிருந்தால் அவர் சொல்லும் மற்றதையும் அதே தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

நர்சிங் முடித்தவுடன் வேலை காத்திருக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். படிப்புக்குப் பின் கட்டாயமாகச் செய்ய வேண்டிய சமூக சேவை வருடத்தை முடித்துவிட்டு அரசுப் பணியிடத்துக்காகக் காத்திருக்கும் நர்ஸ்கள் இந்த நாட்டில் நிறைய இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் ஆள் போதவில்லை, அதே சமயம் ஆள் எடுக்கப் பணமும் இல்லை என்கிற விசித்திரம் இது. ஆனாலும் பதிவேட்டில் பெயர் இருப்பவளுக்கு ஏஜென்சி வேலை, தனியார் மருத்துவமனை, முதியோர் இல்லம், வெளிநாடு என்று நாலு பக்கமும் வழி இருக்கும். பெயர் இல்லாதவளுக்கு ஒரே வழிதான், அதுவும் அடுத்தவர் தரும் சம்பளத்துக்கு.

அந்த ஒரு வழி என்ன என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதிலும் உங்கள் பெண்ணுக்கு இடம் இருக்கிறது. பராமரிப்புப் பணியாளர் என்பவர் முதியோர் இல்லத்திலோ ஒருவர் வீட்டிலோ இருந்து நோயாளியைக் கவனிப்பவர். ஊசி போடக் கூடாது, மருந்தைத் தானாக மாற்றக் கூடாது. ஆனால் ஒரு நோயாளி நன்றாக இருப்பதும் சீரழிவதும் பாதிக்கு மேல் இவர் கையில்தான் இருக்கிறது. பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் பல நேரம் ஆபத்து. நன்றாக நிமிர உட்கார வைத்து, மெதுவாக, ஒவ்வொரு வாயும் உள்ளே போய்விட்டதா என்று பார்த்துத் தர வேண்டும். இருமினால் நிறுத்திவிட வேண்டும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். குதிகாலும் இடுப்பும் முதுகின் அடிப்பகுதியும் சிவந்திருந்தால் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் காப்பாற்றிவிடலாம். வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் உங்கள் பெண் ஒன்றரை வருடத்தில் பாதி தானாகவே கண்டுபிடித்திருப்பாள். ஒரு நல்ல படிப்பு மீதிப் பாதியைச் சொல்லித் தரும். நோயாளியின் மானத்தைக் காப்பாற்றியபடி உடம்பு துடைப்பது, மறதிநோய் உள்ளவரிடம் வாதாடாமல் இருப்பது, தன் இடுப்பு போகாமல் தூக்குவது, பார்த்ததை எழுதிவைப்பது, முதியவரை யாராவது அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரிடம் சொல்வது என்பது வரைக்கும் அதில் இருக்க வேண்டும்.

இதை வெறும் நோட்டுப் புத்தகத்தில் கற்க முடியாது. ஆகவே கல்லூரியில் இன்னொன்றும் கேளுங்கள். செய்முறைப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம், அந்த இடத்தோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருக்கிறதா? “நீங்களே ஒரு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார்களானால் அந்தப் படிப்பு வேண்டாம்.

சம்பளம் குறைவுதான். 2025 மார்ச்சில் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது. பராமரிப்பு வேலைக்கு வருபவர்களில் பலர் அதை ஒட்டித்தான் தொடங்குகிறார்கள். ஒருவர் வீட்டிலேயே வேலை என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் வீட்டுப் பணியாளர். மனம் சுளிக்க வேண்டாம், அதில் பாதுகாப்பு இருக்கிறது. யு.ஐ.எஃப். எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும், வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. நோயாளியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டால் நஷ்டஈடும் உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்கு அந்த நஷ்டஈட்டு உரிமையை அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 நவம்பரில்தான் பெற்றுத் தந்தது. நம் ஆட்கள் வீடுகளில் வேலைக்குப் போகும்போது ‘தெரிந்தவர்கள்தானே’ என்று இதையெல்லாம் கேட்பதே இல்லை. தெரிந்தவர்களிடம்தான் முதலில் எழுதி வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் கடிதத்தில் ஒன்று தெரியவில்லை. பாட்டியைப் பார்த்துக்கொண்ட காலத்தில் உங்கள் பெண்ணுக்கு எது பிடித்தது? பிரஷரை எழுதி வைப்பது, மாத்திரைகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, டாக்டர் வந்தால் கேள்வி கேட்பது என்று இருந்தாளா? அப்படியென்றால் நர்சிங்தான். பாட்டியோடு உட்கார்ந்து பேசுவது, பென்ஷன் கிராண்ட் விஷயமாக அதைத் தரும் அரசு அலுவலகமான சாசாவுக்கு அலைவது, குடும்பத்தில் சண்டை வந்தால் நடுவில் போய்ச் சமாதானம் செய்வது என்று இருந்தாளா? அப்படியானால் சமூக உதவிப் பணியாளர் படிப்பைப் பாருங்கள். பதிவு பெற்ற சமூகப் பணியாளரின் கீழ் வேலை செய்பவர் இவர். இதற்கும் பதிவேடு உண்டு. குழந்தைகள், இளைஞர்கள் இல்லங்களில் வேலை செய்வோருக்கும் அதே கவுன்சிலில் பதிவு உண்டு. இதை உங்கள் பெண்ணிடமே கேளுங்கள். நீங்கள் நினைப்பது ஒன்றாகவும் அவள் சொல்வது வேறாகவும் இருக்கலாம்.

அதற்கு முன்னால் நான்கைந்து சனிக்கிழமை ஒரு முதியோர் இல்லத்தில் தன்னார்வமாக உதவச் சொல்லுங்கள். 1921இல் தொடங்கிய ஆரியன் பெனவலன்ட் ஹோம் உங்கள் சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறது. சொந்தப் பாட்டிக்குச் செய்வது வேறு. நம்மை யாரென்றே தெரியாமல் திட்டும் ஒருவருக்குச் செய்வது முற்றிலும் வேறு. நோய் முற்றி ஆங்கிலமே மறந்துபோய், சின்ன வயதில் கேட்ட தமிழில் மட்டும் முனகும் கிழவிகள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் பெண்ணுக்குத் தமிழ் வரும் என்றால் அங்கே அவளுக்கு ராஜ மரியாதை. ஆனால் தமிழ் மட்டும் போதாது. இந்த மாகாணத்தில் வார்டில் வேலை செய்ய ஜூலு மொழி வேண்டும். “கூபுஹ்லுங்கு கூபி?”, எங்கே வலிக்கிறது என்று கேட்கவாவது தெரியாமல் முதல் நாள் போய் நிற்கக் கூடாது. விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் மாதங்களில் ஜூலு படிக்கட்டும்.

உடம்பு விஷயமும் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையாக முன்கூட்டியே போட்டு முடிக்க வேண்டும். டி.பி. அதிகமுள்ள இடம் இது, ஆகவே மாஸ்க் விஷயத்தில் சங்கடமே கூடாது. ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், காலை ஏழுக்குத் தொடங்கும். சாட்ஸ்வொர்த்திலிருந்து டவுன் பக்கம் போக இருட்டிலேயே டாக்ஸி பிடிக்க வேண்டும். அப்பா கொண்டுபோய் விடுவாரா, அவளே போய் வருவாளா என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். பாதியில் நிற்கும் மாணவிகளில் பலர் பாடம் கஷ்டம் என்று நிற்பதில்லை, போக்குவரத்தில்தான் நிற்கிறார்கள்.

நாத்தனாருக்கு என்ன சொல்வது? மலம் அள்ளும் வேலை இதில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். உதவி நர்ஸும் செய்வாள், பட்டம் வாங்கிய நர்ஸும் செய்வாள். நானும் செய்திருக்கிறேன். காந்தி டர்பனில் வக்கீலாக இருந்த காலத்தில் டாக்டர் பூத் நடத்திய சிறு மருத்துவமனைக்குத் தினமும் காலையில் போய் நோயாளிகளிடம் விசாரித்து மருந்து கொடுத்துவிட்டுத்தான் தன் வேலைக்குப் போனார். இதை நாத்தனாரிடம் சொன்னால் “அவர் காந்தி” என்பார், அதனால் சொல்லிப் பயனில்லை. அந்த ஒன்றரை வருடமும் அவருடைய சொந்த அம்மாவைத்தானே உங்கள் பெண் சுத்தம் செய்தாள்? அதை மட்டும் கேளுங்கள், சண்டைக்கு இல்லாமல்.

கடைசியாக அந்த 2,000 ரேண்ட். அவர்களாகத் தேடி வந்தோ போன் செய்தோ சேர்த்திருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து வேலை நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அந்த நாள் கடந்திருந்தாலும், முன்பதிவை ரத்து செய்யும்போது நியாயமான ஒரு தொகையைத்தான் கழித்துக்கொள்ளலாம். முழுவதையும் விழுங்கிவிட முடியாது. நர்ஸ் வேலை என்று சொல்லி வாங்கிய பணம் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள், தவறான தகவல் சொல்லி விற்பதை அதே சட்டம் தடுக்கிறது. போனில் பேசாதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள், ரசீதின் படத்தை அதோடு இணையுங்கள், பதினைந்து நாள் கெடு வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதலாம். அவர்கள் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘நர்ஸ்’ என்ற சொல் அச்சாகியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் ஒரு நகலை நர்சிங் கவுன்சிலுக்கும் அனுப்புங்கள்.